பழைய கேம், புதிய டிவி: நடுவில் தொலைந்த படம்

ஜப்பானின் ஒசாகா நகரில் ஒரு சோபா நூடுல்ஸ் கடை. அதன் மாடியில் பல ஆண்டுகளாக அசையாமல் உட்கார்ந்திருந்தது ஒரு டிவி. சோனி 1989-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 43 அங்குல பிக்சர் டியூப் டிவி. அந்த வகையில் இதைவிடப் பெரியதை யாரும் கடைக்குக் கொண்டுவந்ததில்லை என்பார்கள். ஜப்பானில் அன்றைய விலை 26 லட்சம் யென், அமெரிக்காவில் 40,000 டாலர். எடை ஏறக்குறைய 200 கிலோ. கடை இருந்த கட்டடம் இடிபடப் போகிறது என்ற நிலையில், ஆட்கள் சேர்ந்து அதை மாடியிலிருந்து இறக்கினார்கள். பக்குவமாகக் கட்டி, பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஷேங்க் மாட்ஸ் என்ற யூடியூபர் 2024 டிசம்பரில் வெளியிட்ட இந்தக் கதையை உலகம் முழுக்கப் பல லட்சம் பேர் பார்த்தார்கள்.

கைக்கு எட்டும் விலையில் 65 அங்குல டிவி கிடைக்கும் காலத்தில் இத்தனை பாடு எதற்கு? ஷேங்க் மாட்ஸுக்கு வேலையே பழைய கேம் கன்சோல்களைப் பிரித்துப் பூட்டுவதுதான். அந்தக் கன்சோல்களின் படத்தை, அவை பிறந்த காலத்து டிவி காட்டுவதுபோல வேறெதுவும் காட்டுவதில்லை என்று அவரைப் போன்றவர்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் வலுவான நியாயம் இருக்கிறது.

அதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். விடுமுறையில் பரணைத் துடைக்கும்போது பழைய பிளேஸ்டேஷன் 2 கிடைக்கிறது, அல்லது எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் பிறந்தவர்கள் “டிவி கேம்” என்று சொல்லும் அந்த வெள்ளைப் பெட்டியும் மஞ்சள் கேசட்டும். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று ஆசையாகக் கொண்டுவந்து ஹாலில் இருக்கும் 55 அங்குல டிவியில் மாட்டுகிறோம். படம் கஞ்சித்தண்ணி மாதிரி கலங்கித் தெரிகிறது. மரியோ குண்டாகிவிட்டார். பட்டனை அமுக்கிய பிறகு யோசித்துத்தான் குதிக்கிறார். “இதையா நாங்க நாள் முழுக்க ஆடினோம்?” என்று கேட்டுவிட்டு மறுபடியும் பரணில் ஏற்றிவிடுகிறோம்.

நினைவு பொய் சொல்லவில்லை. அன்று படம் நன்றாகத்தான் இருந்தது. பெட்டியிலிருந்து இன்றும் அதே சிக்னல்தான் புறப்படுகிறது. அதை வாங்கிக்கொள்ளும் டிவிதான் தவறாகப் புரிந்துகொள்கிறது.

கோடு கோடாக வரைந்த படம்

பிக்சர் டியூப் டிவியில் எலெக்ட்ரான் கற்றை ஒன்று, திரையின் உள்பக்கம் பூசிய பாஸ்பரில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும். திரும்பி வந்து அதற்குக் கீழே அடுத்த கோடு. ஜப்பான், அமெரிக்க முறையில் நொடிக்கு 15,734 கோடுகள். டிவி ஒளிபரப்பில் ஒரு தடவை ஒற்றைப்படைக் கோடுகளையும் அடுத்த தடவை இரட்டைப்படைக் கோடுகளையும் மாற்றி மாற்றி வரைவார்கள். நொடிக்கு 60 தடவை. இந்தியா பின்பற்றிய பி.ஏ.எல். முறையில் 50 தடவை.

கன்சோல் செய்தவர்கள் இதில் ஒரு குறுக்குவழி கண்டார்கள். ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே வரையும்படி சிக்னலை அனுப்பினார்கள். கோடுகள் பாதிதான், ஆனால் நொடிக்கு 60 முழுப் படங்கள். அசைவு வழுக்கிக்கொண்டு போகும். வரையாமல் விட்ட கோடுகள் மெல்லிய கருப்பு இடைவெளியாக நிற்கும். இதற்குத்தான் 240பி என்று பெயர். 1983-ல் வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் தொடங்கி, சேகா மெகா டிரைவ், சூப்பர் நிண்டெண்டோ வழியாக, 1994-ல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் பெரும்பாலான கேம்கள் வரை எல்லாம் இப்படித்தான் ஓடின. பிக்சர் டியூப் டிவிக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை. கற்றையை எங்கே இழுக்கச் சொன்னாலும் இழுத்துவிட்டுப் போகும்.

இன்றைய டிவியில் குழப்பம் முதல் அடியிலேயே தொடங்குகிறது. மஞ்சள் பின் வழியாக வரும் சிக்னல் டிவி ஒளிபரப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அது முடிவு கட்டிக்கொள்கிறது. 240 கோடு முழுப் படத்தை, 480 கோடுப் படத்தின் பாதி என்று எண்ணி, முந்தைய படத்தோடு சேர்த்துப் பின்னுகிறது. அசையும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிகிறது. அடிபட்ட ஆள் விட்டுவிட்டு மின்னுவாரே, ஒரு படத்தில் இருப்பார், அடுத்ததில் இருக்க மாட்டார். அந்த மின்னலையே டிவி விழுங்கிவிடும். ஆள் சில சமயம் முழுதாகக் காணாமலே போவார். பல கேம்களில் காலடி நிழலை இப்படி விட்டுவிட்டுக் காட்டித்தான் ஒளி ஊடுருவும் நிழலாகத் தோன்றவைத்தார்கள். அந்த நிழலும் போச்சு.

பிறகு அந்தக் கலவையை 1080 கோடாகவோ 2160 கோடாகவோ இழுத்துப் பெரிதாக்குகிறது. பெரிதாக்கும்போது இல்லாத புள்ளிகளைப் பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் நிரப்புவதால் எல்லா ஓரமும் கரைகிறது. கரைந்ததைச் சரிசெய்ய ‘ஷார்ப்னஸ்’ போட்டு ஓரங்களில் வெள்ளைக் கோடு இழுக்கிறது. இரைச்சலை நீக்குகிறேன் என்று நட்சத்திரங்களையும் மழைத்துளிகளையும் சேர்த்துத் துடைக்கிறது. கடைசியாக 4:3 படத்தை 16:9 அகலத்துக்கு இழுக்கிறது. மரியோவின் தொப்பை அங்கிருந்துதான் வருகிறது.

டியூபுக்காக வரைந்தவர்கள்

படத்தைக் கூர்மையாக்கினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான்: அந்தக் காலத்து ஓவியர்கள், கலங்கலையும் கணக்கில் சேர்த்துத்தான் வரைந்தார்கள்.

1991-ல் வந்த சோனிக் கேமின் முதல் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குன்றுகளுக்கு நடுவே அருவி விழுகிறது. அருவிக்குப் பின்னால் இருப்பது லேசாகத் தெரிகிறது. மெகா டிரைவ் கன்சோலோ ஒரே நேரத்தில் 64 நிறங்களைத்தான் சாதாரணமாகக் காட்டும். ஒன்றின் வழியாக இன்னொன்று தெரியும்படி கலக்கும் திறன் அதற்கு இல்லை. ஓவியர்கள் நெட்டுக்குத்தாக ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி நீலக்கோடு இழுத்தார்கள். மஞ்சள் பின் ஒயரில் நிறம் பக்கத்துப் புள்ளிக்குக் கசியும் என்பது அவர்களுக்குத் தெரியும். கசிந்து கலந்து டிவிக்குப் போய்ச் சேர்ந்தபோது அது தண்ணீராகிவிட்டது. இப்போது அதே கேமை மிகத் தெளிவான ஒயரில், எல்.இ.டி. திரையில், புள்ளிக்குப் புள்ளி சுத்தமாகப் பாருங்கள். தண்ணீர் இருக்காது. ஜன்னல் கம்பிபோல நீலக் கம்பிகள் நிற்கும்.

1997-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த கேஸில்வேனியா: சிம்ஃபனி ஆஃப் தி நைட் கேமில் டிராகுலாவின் முகம் இன்னொரு சாட்சி. சுத்தமான புள்ளிகளாகப் பார்த்தால் கண் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஓரிரு சதுரங்கள், அவ்வளவுதான். அதையே பிக்சர் டியூபில் பார்த்தால் அந்தச் சிவப்பு சுற்றிலும் ஒளிர்ந்து பரவி, வெறித்துப் பார்க்கும் கண்ணாகிறது. ஈர அரிசி மாவால் போட்ட கோலத்தின் இழை காயும்போது ஓரத்தில் மெல்லப் படர்ந்து உருண்டு நிற்குமே, பாஸ்பரில் ஒளியும் அப்படித்தான் படரும். பிரகாசமான கோடு தடிக்கும், மங்கலான கோடு மெலியும். ஓவியர் சதுரக் கட்டங்களை நிரப்பினார். அவற்றிலிருந்து வளைவையும் சதையையும் பளபளப்பையும் உண்டாக்கியது திரை.

ஆக, நமக்குத் தேவை இரண்டு. சிக்னலை 240பி என்று சரியாகப் புரிந்துகொள்ளும் கருவி ஒன்று. அதன் பிறகு அந்தக் கருப்பு இடைவெளியையும் ஒளிப் படர்வையும் ஓரளவு திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று. முதலாவது இல்லாமல் இரண்டாவதை மட்டும் செய்தால் அழுக்கின் மேல் சாயம் பூசிய கதைதான்.

பட்டனுக்கும் கண்ணுக்கும் நடுவே

பார்க்க மட்டுமானால் மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆடுபவருக்குத் தாமதம்தான் பெரிய எதிரி. பிக்சர் டியூபில் கன்சோல் ஒரு கோட்டை அனுப்பிய கணமே அது திரையில் எரியும். நடுவில் சேமிக்கும் இடமே இல்லை. இன்றைய டிவி முழுப் படத்தையும் நினைவகத்தில் வாங்கி, பின்னி, பெரிதாக்கி, துடைத்து, பிறகே காட்டுகிறது. ஒரு படத்தின் ஆயுள் 16.7 மில்லி நொடி. கேம் மோடு போடாத சில டிவிகளில் இந்த வேலைகளுக்கே 100 மில்லி நொடிக்கு மேல் ஆகும். அதாவது ஆறு படங்கள் பின்தங்கி நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம். பள்ளத்தின் விளிம்பில் குதித்தும் மரியோ விழுந்துவிட்டால், கைக்கு வயதாகிவிட்டது என்று வருந்த வேண்டாம். டிவி அவர் விளிம்பில் நிற்கும் பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

2001-ல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ கேமுக்கு அமெரிக்காவில் இன்றும் பெரிய போட்டிகள் நடக்கின்றன. பரிசுப் பணம் உண்டு, நேரலை உண்டு. மேடையில் இருப்பதோ கனத்த பிக்சர் டியூப் டிவிகள். ஒன்றிரண்டு படங்களுக்குள் பட்டனை அமுக்கியாக வேண்டிய நுட்பங்கள் அந்தக் கேமில் நிறைய. அமைப்பாளர்கள் பழைய டிவிகளைத் தேடிச் சேர்த்து, சுமந்து, பழுதுபார்த்து வரிசையாக அடுக்குகிறார்கள்.

துப்பாக்கியால் வாத்து சுட்ட ஞாபகம் இருக்கிறதா? அந்தத் துப்பாக்கி புதிய டிவியில் ஒருக்காலும் வேலை செய்யாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் ஒளி உணரி அந்தச் சதுரத்தைப் பார்த்ததா என்பதுதான் கணக்கு. அதுவும் டியூபின் கோட்டு வேகமான 15 கிலோஹெர்ட்ஸ் அளவில் துடிக்கும் ஒளியை மட்டுமே உணரும்படி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். பல்பைக் குறிபார்த்து ஏமாற்ற முடியாது. எல்.இ.டி. திரையில் அந்தத் துடிப்பும் இல்லை, நேரமும் பிசகுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த கருவியை நடுவில் வைத்தாலும் இதற்குத் தீர்வு கிடையாது. கேமரா வைத்த புதுவகைத் துப்பாக்கிகள் வந்திருக்கின்றன. அவற்றின் வழி வேறு.

பெட்டிச் செய்தி: எந்த ஒயர், எவ்வளவு தெளிவு?

ஆன்டெனா ஒயர்: படம், ஒலி, நிறம் எல்லாம் ஒரே கம்பியில் சேனலாக மாறி வரும். இருப்பதிலேயே மோசம். வேறு வழி இருந்தால் தொட வேண்டாம்.

மஞ்சள் பின்: நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால் நிறம் கசியும்.

எஸ்-வீடியோ: வெளிச்சம் ஒரு கம்பி, நிறம் ஒரு கம்பி. மஞ்சள் பின்னைவிடக் கண்கூடாகத் தெளிவு. புதிய டிவிகளில் இந்த வாய் கிடையாது.

பச்சை, நீலம், சிவப்பு பின்கள்: காம்பொனென்ட். பிளேஸ்டேஷன் 2, நிண்டெண்டோ வீ, முதல் எக்ஸ்பாக்ஸ் ஆகியவற்றுக்கு நல்ல வழி.

ஆர்.ஜி.பி.: மூன்று நிறமும் தனித்தனியே. ஐரோப்பிய டிவிகளில் ஸ்கார்ட் என்ற 21 பின் வாய் வழியாக வந்தது. மெகா டிரைவ், சூப்பர் நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 ஆகியவை இதைத் தரும். ஃபேமிகாம் தராது. உள்ளே சர்க்யூட்டை மாற்றினால்தான் உண்டு.

வி.ஜி.ஏ.: 1998-ல் வந்த சேகா டிரீம்காஸ்டின் தனிச் சிறப்பு. பெரும்பாலான கேம்களை 640×480 முழுப் படமாகத் தரும்.

நடுவில் என்ன வைப்பது?

ஆன்லைன் கடைகளில் சில நூறு ரூபாய்க்கு ஒரு குட்டிப் பெட்டி கிடைக்கும். ஒரு பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு, மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. “1080பி” என்று மேலேயே அச்சடித்திருக்கும். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். டிவி செய்யும் அதே தவறைத்தான் அது உள்ளே செய்கிறது: 240பி-யைப் பாதிப் படம் என்று எண்ணிப் பின்னுகிறது, அகலமாக இழுக்கிறது, தாமதத்தையும் கூட்டுகிறது. டிவியில் ஏ.வி. வாயே இல்லாதவர்களுக்குப் படம் வரும் என்பது மட்டுமே அதன் பயன்.

உண்மையான மாற்றம் தனி ஆட்களின் பிடிவாதத்தால் வந்தது. நிறுவனங்கள் தரப்பில் ஜப்பானின் மைகாம்சாஃப்ட், ஃப்ரேம்மைஸ்டர் என்ற ஸ்கேலரை, அதாவது படத்தைப் பெரிதாக்கும் கருவியை, பல ஆண்டுகள் விற்றது. அதன் உற்பத்தி நின்றுவிட்டது. பின்லாந்துப் பொறியாளர் மார்கஸ் ஹீயென்காரி உருவாக்கிய ஓ.எஸ்.எஸ்.சி. வேறு வழியில் போனது. படத்தை நினைவகத்தில் சேர்த்து வைப்பதே இல்லை. ஒவ்வொரு கோடும் வந்தவுடன் அதை இரண்டு முதல் ஐந்து தடவை திருப்பி அனுப்பிவிடும். தாமதம் ஏறக்குறைய பூஜ்யம். வடிவமைப்பையும் மென்பொருளையும் எல்லோருக்கும் திறந்து வைத்தார் என்பது இன்னும் பெரிய விஷயம். இதில் ஒரு குறை உண்டு. கன்சோலின் விசித்திரமான நேரக் கணக்கு அப்படியே டிவிக்குப் போவதால் சில டிவிகள் ‘சிக்னல் இல்லை’ என்று கைவிரித்துவிடும்.

அமெரிக்காவின் மைக் சி உருவாக்கிய ரெட்ரோடிங்க் கருவிகள் அந்தச் சங்கடத்தைத் தீர்த்தன. 2021-ல் வந்த 5எக்ஸ், 2023-ல் வந்த 4கே இரண்டும் எந்த டிவியும் ஏற்கும் வடிவில் படத்தைக் கொடுக்கின்றன. 4கே மாடலின் அறிமுக விலை 750 டாலர். சுங்க வரியும் சேர்ந்தால் அந்தப் பணத்துக்கு இங்கே ஒரு நல்ல டிவியே வாங்கிவிடலாம். கையில் சால்டரிங் பழக்கம் உள்ளவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ஆர்கேட் இயந்திரங்களுக்காகச் சீனாவில் செய்யப்பட்ட ஜி.பி.எஸ். (GBS) போர்டை வாங்கி, அதில் ஒரு சிறிய வைஃபை சிப்பைச் சேர்த்து, ஆர்வலர்கள் எழுதிய ஜி.பி.எஸ்-கன்ட்ரோல் மென்பொருளை ஏற்றினால், சில ஆயிரம் ரூபாய்ச் செலவில் ஆச்சரியமான படம் வரும்.

4கே தேவையா என்று பலரும் கேட்கிறார்கள். கணக்கு இப்படி: 1080-ஐ 240-ஆல் வகுத்தால் நாலரை. அரைப் புள்ளியை எங்கே வைப்பது? ஒரு கோடு தடிப்பாகவும் அடுத்தது மெலிதாகவும் போகும், அல்லது மேலும் கீழும் கொஞ்சம் வெட்டி ஐந்து மடங்காக்க வேண்டும். 2160-ஐ 240-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் ஒன்பது. பழைய கோடு ஒவ்வொன்றுக்கும் ஒன்பது புதிய கோடுகள் கிடைக்கின்றன. அந்த ஒன்பதுக்குள் பிரகாசமான நடுப்பகுதி, மங்கும் ஓரம், கருப்பு இடைவெளி, டியூபின் சிவப்பு-பச்சை-நீலப் பட்டைகள் எல்லாவற்றையும் வரைய இடம் இருக்கிறது. இப்படிக் கருப்புக் கோடு போட்டால் படம் இருண்டுவிடும் என்பது பழைய சிக்கல், எச்.டி.ஆர். டிவிகளின் கூடுதல் வெளிச்சம் அதை ஈடுகட்டுகிறது. நல்ல டிவி ஒன்றில் இதைப் பார்த்தால் டிராகுலாவின் கண் திரும்பி வருகிறது.

அசைவு இன்னும் முழுதாகத் தீரவில்லை. டியூபில் ஒரு புள்ளி ஏறக்குறைய ஒரு மில்லி நொடி மின்னி அணையும். எல்.இ.டி., ஓ.எல்.இ.டி. திரைகள் ஒரு படத்தை அடுத்தது வரும் வரை 16.7 மில்லி நொடியும் பிடித்து வைக்கின்றன. சோனிக் ஓடும்போது பின்னணி கலங்குவது அதனால்தான். வேகமான புதிய திரைகளில் ஒரு படத்தைப் பல துண்டாக்கி, மேலிருந்து கீழாக ஒளிர்ந்து அணையும் கற்றையையே நடிக்கவைக்கும் மென்பொருளை பிளர் பஸ்டர்ஸ் குழு 2024 இறுதியில் வெளியிட்டது. திரை 120, 240 ஹெர்ட்ஸ் என்று வேகம் கூடக்கூட அது நிஜத்தை நெருங்குகிறது.

பெட்டிச் செய்தி: காசு செலவில்லாமல் முதலில் செய்ய வேண்டியவை

டிவியில் கேம் மோடைப் போடுங்கள். தாமதம் பாதிக்கும் கீழே இறங்கலாம்.

படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள். இருபுறமும் கருப்புப் பட்டை வரட்டும். வட்டம் வட்டமாக இருக்கும்.

ஷார்ப்னஸைக் குறையுங்கள். இரைச்சல் நீக்கம், அசைவை மென்மையாக்கும் வசதி, தானியங்கி மாறுபாடு எல்லாவற்றையும் அணையுங்கள்.

பல டிவிகளில் ஏ.வி. வாய் ஹெட்போன் துளைபோலச் சின்னதாக இருக்கும். அதற்கான ஒயரில் பின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். படம் வராமல் இரைச்சல் கேட்டால் மஞ்சளை வெள்ளை, சிவப்பு வாய்களில் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள்.

உங்களிடம் இருப்பது எது?

பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்றது. நம் ஊர் வீடுகளில் தூங்கிக்கொண்டிருப்பதும் அதிகம் அதுதான். முதலில் ஒரு காம்பொனென்ட் ஒயர் வாங்குங்கள். பத்து வருடத்துக்கு முந்தைய எல்.இ.டி. டிவி வீட்டில் இருந்தால் பின்னால் பச்சை, நீலம், சிவப்பு வாய்கள் இருக்க வாய்ப்பு உண்டு, அது போதும். கன்சோலின் செட்டிங்கில் ஆர்.ஜி.பி. என்று இருப்பதை காம்பொனென்டுக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் படம் பச்சைப்பசேலென்று வரும், அல்லது வரவே வராது. கன்சோலின் பின்னால் நேராகச் செருகும் சிறு எச்.டி.எம்.ஐ. அடாப்டருக்கும் இதே விதிதான். ஆனால் அதில் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க் போட்டால் பல டிவிகளில் படம் வராது. அந்தக் கேம்கள் 240பி-யில் ஓடுபவை, அடாப்டர் அதை மாற்றாமல் அப்படியே அனுப்புகிறது.

வீ வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். காம்பொனென்ட் ஒயர் அல்லது சிறு அடாப்டர், செட்டிங்கில் 480பி. முடிந்தது. பெரிய ஸ்கேலருக்காக அவசரப்பட வேண்டாம். பிளேஸ்டேஷன் 3-லும் 2007-க்குப் பிந்தைய எக்ஸ்பாக்ஸ் 360-லும் எச்.டி.எம்.ஐ. வாயே இருக்கிறது; அதோடு வந்த மஞ்சள் பின் ஒயரிலேயே இன்னமும் ஆடுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

மெகா டிரைவ், சூப்பர் நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 வைத்திருப்பவர்கள்தான் ஆர்.ஜி.பி. ஒயரும் ஸ்கேலரும் வாங்குவதால் அதிகம் பயன் பெறுவார்கள். செலவழிப்பதானால் இங்கே செலவழியுங்கள்.

நம்முடைய டிவி கேம் தனி ரகம். அவை ஃபேமிகாமின் நகல்கள். தைவானின் யு.எம்.சி. போன்ற நிறுவனங்கள் செய்த சிப்புகளில் ஓடின. ஜப்பானிய கேசட்டுகள் 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்டவை. நம் டிவியோ 50 ஹெர்ட்ஸ். கேசட்டை மாற்றாமல் அப்படியே ஓட்டுவதற்காக நேரக் கணக்கைத் திருத்திய சிப்புகளை அவர்கள் பி.ஏ.எல். நாடுகளுக்குச் செய்தார்கள். விளைவாக அந்தப் பெட்டிகளில் கான்ட்ராவும் மரியோவும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடின; பாட்டின் சுதி ஏறக்குறைய அப்படியே இருக்க, தாளம் மட்டும் நிதானமானது. அதில் பழகிய கை இன்று மொபைலில் அசல் கேமை ஆடும்போது வேகம் கூடிவிட்டதாக உணரும். இந்தப் பெட்டிகளிலிருந்து வருவது மஞ்சள் பின் மட்டுமே. ஸ்கேலருக்குப் பெரும்பணம் கொட்டினாலும் கசிந்த நிறத்தைப் பிரித்தெடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு. மஞ்சள் பின்னை 240பி என்று சரியாகப் புரிந்துகொள்ளும் சிறிய ஸ்கேலர் போதும். அல்லது, இதைச் சொல்லும்போது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது, இதற்கு மிகச் சிறந்த திரை நம் மாநிலத்தில் வீடு வீடாக வந்து சேர்ந்தது.

பெட்டிச் செய்தி: சுவிட்சைப் போடும் முன்

ஜப்பானிலிருந்து வந்த பிளேஸ்டேஷன் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு சரி. வோல்டேஜ் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

பழைய அடாப்டர்களில் பிளஸ், மைனஸ் இடம் மாறும். ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவமான என்.இ.எஸ். கன்சோலின் அடாப்டர் ஏ.சி. மின்சாரமே தரும். பின் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை இன்னொன்றில் செருகாதீர்கள்.

ஆண்டுக்கணக்கில் கிடந்த கன்சோலில் கெப்பாசிட்டர் கசிந்து போர்டை அரிக்கும். முதல் எக்ஸ்பாக்ஸின் கடிகாரக் கெப்பாசிட்டர் இதற்குப் பேர்போனது. ஆன் செய்வதற்கு முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பிக்சர் டியூப் டிவியின் மூடியைத் திறக்காதீர்கள். ஒயரைப் பிடுங்கிய பிறகும் டியூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கும்.

காயலான் கடையில் ஒரு பொக்கிஷம்

2006-ல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 14 அங்குல பிக்சர் டியூப் டிவி. ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. உலகின் பெரிய நிறுவனங்கள் பிக்சர் டியூபைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. சோனியே 2008 வாக்கில் தன் புகழ்பெற்ற டிரினிட்ரான் டிவிகளை நிறுத்திவிட்டது. அந்த 14 அங்குலப் பெட்டி சினிமாவுக்கும் சீரியலுக்கும் வந்தது. 240 கோடு படத்துக்கு அது கச்சிதமான அளவு என்பதை யாரும் சொல்லவில்லை. அந்தத் திரையில் கோடுகள் கண்ணுக்கு நெருக்கமாகச் சேர்ந்து, படம் இறுகி நிற்கும். தாமதம் கிடையாது.

இன்று அவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்விட்டன. அங்கே டியூபை உடைத்துச் செம்புக் கம்பியை உருவிக்கொள்கிறார்கள். டியூபின் புனல் பகுதிக் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம் இருக்கும். உடைப்பவர் மூச்சுக்கும் கேடு, மண்ணுக்கும் கேடு. மின்கழிவு விதிகள் டியூப் டிவியைப் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்கச் சொல்கின்றன. ஆனால் வாசலில் வண்டி தள்ளி வருபவரிடம் நூறு, இருநூறுக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக இருக்கிறது.

இழப்பு டிவியோடு நிற்காது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று எங்கும் விற்பனையில் இல்லை. சட்டப்படி அவற்றை ஆடுவதற்கு இருக்கும் வழி, பழைய கேசட்டும் பழைய கன்சோலும்தான். கன்சோல் இருந்தும் அதைச் சரியாகக் காட்ட ஒரு திரை இல்லையென்றால், அந்தக் கேமை வரைந்தவர் என்ன வரைந்தார் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாது. நீலக் கம்பிதான் அருவி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இந்த நெருக்கடிதான் வேறொரு பக்கத்தில் பெரிய உழைப்பைத் தூண்டியிருக்கிறது. எஃப்.பி.ஜி.ஏ. என்ற, சர்க்யூட்டையே மாற்றி எழுதத்தக்க சிப்பில், பழைய கன்சோலின் உள்ளமைப்பைத் திரும்பக் கட்டுகிறார்கள். அலெக்ஸி மெல்னிகோவ் 2017-ல் தொடங்கிய மிஸ்டர் திட்டம் இதில் முக்கியமானது. உலகெங்கும் இருந்து ஆர்வலர்கள் அதற்குச் சும்மா உழைக்கிறார்கள். அது எச்.டி.எம்.ஐ.-யிலும் படம் தரும், பிக்சர் டியூபுக்கான பழைய சிக்னலையும் தரும். நிண்டெண்டோவே 2016-ல் உள்ளங்கை அளவில் தன் ஃபேமிகாம் கன்சோலைத் திரும்ப விற்றது. முப்பது கேம்கள், நேரடி எச்.டி.எம்.ஐ., கோடு காட்டும் வசதி. சும்மா மரியோ ஆடினால் போதும் என்பவருக்கு அந்த மாதிரிப் பெட்டியே போதும். ஒயர்களோடு மல்லாட வேண்டாம்.

கையில் அசல் கேசட்டும் கன்சோலும் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை வேறு. ஸ்கேலருக்குப் பணம் சேர்க்கும் முன் சொந்தக்காரர்கள் வீட்டில், ஊர்ப் பக்கத்தில் ஒரு 14 அங்குல டிவி கிடைக்குமா என்று விசாரியுங்கள். பின்னாலோ முன்னாலோ மஞ்சள் வாய் இருக்கிறதா பாருங்கள். ஆன் செய்து பத்து நிமிடம் விட்டு, வெள்ளைத் திரையில் மூலைகளில் நிறத் திட்டு இருக்கிறதா, படம் ஒரு பக்கம் சரிகிறதா, வெளிச்சத்தைக் கூட்டினால் கலங்குகிறதா என்று கவனியுங்கள். மூலையில் நிறத் திட்டு மட்டும்தான் என்றால் பெரும்பாலும் காந்தப்புலச் சிக்கல்; பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் நகர்த்தி, டிவியை முழுதாக அணைத்து அரை மணி கழித்துப் போட்டாலே சரியாகிவிடலாம். படம் சுருங்கியிருந்தால் பழைய மெக்கானிக் ஒருவர் கெப்பாசிட்டர்களை மாற்றிச் சரிசெய்வார். அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு ஓரிருவர் இருக்கிறார்கள், பலர் எல்.இ.டி. பேனல் மாற்றுவதற்கு நகர்ந்துவிட்டார்கள். டியூபே மங்கிப்போயிருந்தால் எடுக்க வேண்டாம். புது டியூபுக்கு இனி எங்கே போவது? அப்படிப்பட்டதை உடைக்காமல் மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வீட்டில் கேளுங்கள்.